அப்பாவின் நோவும் சிசிலி சோண்டர்ஸ் விட்டுச்சென்ற வழிமுறையும்

அப்பாவின் புரொஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது என்று தெரியவந்த சில வாரங்களிலிருந்து, அவர் குரோய்டனில் எங்கள் வீட்டிலேயே கண்மூடிய நாள் வரை, அவருடைய பராமரிப்பின் பெரும்பகுதியைச் சென்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸ் எங்களோடு பகிர்ந்துகொண்டது. ஹொஸ்பிஸ் என்பது தீராத நோயுள்ளவர்களின் நோவைத் தணித்துப் பராமரிக்கும் இல்லம். தென்கிழக்கு லண்டனின் சிடனம் பகுதியில் இருக்கும் அந்த அறநிறுவனம் நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. இருந்தும் எங்கள் தமிழ்ச் சமூகத்தில் பல குடும்பங்கள் அதன் பெயரைக் கேட்டதுமே ஜீபி எனப்படும் குடும்ப வைத்தியரிடம் "இப்போது வேண்டாம்" என்று சொல்லிவிடுகின்றன. பிறகு கடைசி வாரத்தில், நோவு கைமீறிய நள்ளிரவில், ஆம்புலன்ஸை அழைக்கின்றன. அந்த இல்லம் ஏன் இப்படி இயங்குகிறது என்பது அதன் நிறுவனர் சிசிலி சோண்டர்ஸின் வாழ்க்கையை அறிந்த பிறகே எனக்கு முழுமையாக விளங்கியது. காரணம் விளங்கினால் தயக்கம் குறையும் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலும் எதிர்ப்பு இருந்தது. "அங்கே போனவர் திரும்பி வந்ததில்லை" என்றார் சித்தப்பா. உண்மையில் அப்பா அங்கே போய்த் திரும்பி வந்தார். வீட்டில் வைத்து நோவைக் கட்டுப்படுத்த முடியாமற்போன ஒரு கட்டத்தில் அவரை உள்நோயாளியாகச் சேர்த்து, மருந்தின் அளவைப் படிப்படியாகச் சரிசெய்து, வைத்தியசாலையோடு பேசி இடுப்பெலும்புக்கு ஒரே முறை கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் ஒழுங்கு செய்து, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படியேறும் நிலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே படுக்கைகள் குறைவு. அந்த இல்லத்தின் பராமரிப்பைப் பெறுபவர்களில் பெரும்பாலானோர் தங்கள் சொந்த வீட்டிலோ முதியோர் இல்லத்திலோதான் இருக்கிறார்கள். புற்றுநோய் இல்லாதவர்களும் இதில் அடங்குவர். தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் இயக்க நரம்பணு நோயால் பாதிக்கப்பட்டவர்களைச் சென்ட் கிறிஸ்டோபர்ஸ் அதன் ஆரம்ப காலத்திலிருந்தே ஏற்று வந்திருக்கிறது. ஆகவே, தீராத நோய் என்று வைத்தியர் சொன்ன உடனேயே, புற்றுநோய்ச் சிகிச்சை தொடர்ந்துகொண்டிருந்தாலும் கூட, ஹொஸ்பிஸுக்குப் பரிந்துரைக்கும்படி ஜீபியிடமோ வைத்தியசாலைத் தாதியிடமோ நீங்களே கேட்கலாம். அவர்களாகச் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சிசிலி சோண்டர்ஸ் 1918ஆம் ஆண்டு வட லண்டனின் பார்னெட் பகுதியில் பிறந்தவர். போர்க்காலத்தில் சென்ட் தோமஸ் வைத்தியசாலையில் தாதியாகப் பயிற்சி பெற்றார். முதுகுவலி அந்தத் தொழிலைத் தொடரவிடாததால் வைத்தியசாலைச் சமூகப் பணியாளராக மாறினார். அந்தப் பணியில்தான் 1947இல் டேவிட் டாஸ்மா என்ற நோயாளியைச் சந்தித்தார். வார்சோவிலிருந்து வந்த யூதர், நாற்பது வயது, உணவகத்தில் வேலை பார்த்தவர், லண்டனில் அவருக்கென்று உறவுக்காரர் எவரும் இருக்கவில்லை. சத்திரசிகிச்சையால் தீர்க்க முடியாத புற்றுநோயோடு அவர் படுத்திருந்த வார்டு இரைச்சலும் நெருக்கடியும் நிறைந்தது. இறக்கப்போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எப்படி இருக்க வேண்டும் என்று இருவரும் பேசினார்கள். 1948 பெப்ரவரியில் டாஸ்மா இறந்தபோது 500 பவுண்டை சோண்டர்ஸுக்கு எழுதிவைத்திருந்தார். உங்கள் இல்லத்தில் நான் ஒரு சாளரமாக இருப்பேன் என்றும் சொல்லியிருந்தார். அந்தச் சாளரத்தைச் சுற்றி இல்லம் எழுவதற்கு 19 ஆண்டுகள் பிடித்தன.

அந்த இடைவெளியில் அவர் செய்தவைதான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பேஸ்வாட்டரில் இருந்த சென்ட் லூக்ஸ் என்ற பழைய இல்லத்தில் தொண்டராக மாலை வேளைகளில் வேலை செய்தபோது, அங்கே மோர்ஃபின் நேரம் தவறாமல், நோவு திரும்பி வருவதற்கு முன்பே கொடுக்கப்படுவதைக் கண்டார். அக்காலத்து வைத்தியசாலைகளின் வழக்கம் இதற்கு நேர்மாறு: நோயாளி தாங்க முடியாமல் கேட்டால்தான் ஊசி. இறப்பவர்களுக்காக எதையாவது செய்ய வேண்டுமென்றால் நீ மருத்துவம் படி, அவர்களைக் கைவிடுகிறவர்கள் வைத்தியர்கள்தான் என்று நோர்மன் பாரெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அவருக்குச் சொன்னார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1957இல் வைத்தியரானார். மறு ஆண்டு முதல், கன்னியாஸ்திரீகள் நடத்திவந்த ஹாக்னி சென்ட் ஜோசப்ஸ் ஹொஸ்பிஸில், சென்ட் லூக்ஸில் கண்ட முறையை நடைமுறைப்படுத்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிக் குறிப்பெடுத்தார். மோர்ஃபினை முறையாகக் கொடுத்தால் அளவு கட்டுக்கடங்காமல் ஏறிவிடாது, நோயாளி அதற்கு அடிமையாகிவிடமாட்டார், மயங்கிக் கிடக்கவும் மாட்டார் என்பதை அந்தக் குறிப்புகளைக் கொண்டே மற்ற வைத்தியர்களுக்குக் காட்டினார். இரக்கம் மட்டும் உள்ள ஒருவர் ஒரு நல்ல விடுதியைக் கட்டியிருப்பார். இவர் கணக்கெடுத்து நிறுவியதால்தான், 1967இல் 54 படுக்கைகளோடு திறக்கப்பட்ட சென்ட் கிறிஸ்டோபர்ஸ், பராமரிப்பும் ஆய்வும் கற்பித்தலும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடமாக அமைந்தது.

மோர்ஃபின் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இருந்த பயம் புற்றுநோய் என்ற சொல்லுக்கு இருந்த பயத்தைவிடப் பெரியது. அப்பா பருத்தித்துறைப் பக்கத்தில் நீண்டகாலம் ஆசிரியராக இருந்தவர். நோவைப் பொறுத்துக்கொள்வதை ஒழுக்கத்தின் ஒரு பகுதியாகவே கருதியவர். வீட்டுக்கு வந்த ஹொஸ்பிஸ் தாதி, மருந்து வேண்டுமா என்று அவரிடம் கேட்கவில்லை. இரவில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எந்தப் பக்கம் திரும்பினால் உளைவு கூடுகிறது, கழிப்பறைக்குப் போய் வர எவ்வளவு நேரமாகிறது என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மெதுவாகக் கரையும் மோர்ஃபினும், இடையில் நோவு கிளம்பினால் எடுப்பதற்கு நீர்மமாக ஒரு சிறிய அளவும் எழுதித்தரப்பட்டன. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் மருந்து கொடுக்கிற ஒவ்வொருவரும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். முதலாவது, நோவு இல்லாவிட்டாலும் நேரத்துக்குக் கொடுக்க வேண்டியது. இரண்டாவது, தேவைப்படும்போது கொடுத்து, கொடுத்த நேரத்தை ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டியது. அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் வைத்தியர் அடுத்த அளவைத் தீர்மானிப்பார். "இன்றைக்கு நோவில்லை, ஒரு குளிசையை மிச்சம் பிடிப்போம்" என்று அம்மா நினைப்பது இயல்பு; சோண்டர்ஸ் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு மாற்றியது இந்தப் பழக்கத்தைத்தான்.

மோர்ஃபின் தொடங்கும் அன்றே மலச்சிக்கலுக்கான மருந்தும் தொடங்க வேண்டும். குமட்டலும் தூக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும், மலச்சிக்கல் தானாகக் குறையாது. எலும்புக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவர்களின் வீட்டில் இன்னொன்றையும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்: கால்களில் புதிதாகப் பலவீனமோ விறைப்போ ஏற்பட்டால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனால் அல்லது அடைபட்டால், முதுகுத்தண்டு நசுங்குகிறது என்ற ஐயத்தோடு உடனே வைத்தியசாலையை நாட வேண்டும். வீட்டில்தான் இருப்போம் என்று முடிவெடுத்திருந்தாலும் அந்த நேரத்தில் தாமதிக்கக் கூடாது, ஏனென்றால் சில மணி நேரத் தாமதம் கூட மிச்சமிருக்கும் மாதங்களின் நடையைப் பறித்துவிடலாம்.

நோவு உடலில் மட்டும் இருப்பதில்லை என்பது சோண்டர்ஸின் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கருத்து. முதுகில் தொடங்கிய நோவு இப்போது தன்னில் எல்லாமே பிழைத்துவிட்டதுபோல ஆகிவிட்டது என்று அறுபதுகளில் ஒரு பெண் நோயாளி அவரிடம் சொன்னார். உடல் நோவோடு மனத்தின் கலக்கம், குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய கவலை, வாழ்க்கையின் பொருளைப் பற்றிய கேள்வி ஆகிய நான்கும் ஒன்றாகப் பின்னியிருப்பதை அவர் முழு நோவு என்று அழைத்தார். மேடையில் கேட்டால் அழகான தத்துவமாகத் தோன்றும் இது, நடைமுறையில் மிகச் சாதாரணமான கேள்விகளாகத்தான் வந்தது. இரவில் அப்பா அடிக்கடி கூப்பிடுவதற்கு மருந்து மட்டும் காரணமில்லை என்று கண்ட தாதி, ஒரு சமூகப் பணியாளரையும் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் ஏற்பாடு செய்தார். அந்தச் சந்திப்பில்தான், ஊரில் இருக்கும் ஒரு காணியின் உறுதி இன்னும் தம் பெயரிலேயே கிடப்பதையும், தங்கைக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறாமல் இருப்பதையும் அப்பா சொன்னார். எங்களில் எவருக்கும் அது தெரியாது. ஊரில் ஒரு சட்டத்தரணி மூலம் அந்த அலுவலைத் தொடங்கினோம். மருந்தின் அளவு அதனால் குறையவில்லை, ஆனால் இரவில் கூப்பிடுவது குறைந்தது.

மொழிபெயர்ப்பாளர் இருந்திராவிட்டால் அது வெளிவந்திருக்காது. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ மொழிபெயர்க்கும்போது அப்பாமார் எங்களைக் கவலைப்படுத்தாத பதிலைத்தான் சொல்வார்கள். நாங்களும் வைத்தியர் சொல்வதைப் பாதியாக்கித்தான் சொல்வோம். தேசிய சுகாதார சேவையிலும் ஹொஸ்பிஸிலும் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்கலாம். முன்கூட்டியே கேட்க வேண்டும். முடிந்தால் உங்கள் ஊர் வட்டாரத்துக்கு அறிமுகமானவராக இல்லாதிருப்பது நல்லது.

நோயைப் பற்றி அவரிடம் சொல்லக்கூடாது என்று உறவுக்காரர் கேட்டுக்கொண்டதும் இதோடு சேர்ந்தது. ஹொஸ்பிஸ் வைத்தியர் அவர்களோடு வாதாடவில்லை. நானாக எதையும் திணிக்கமாட்டேன், அவர் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன் என்றார். பிறகு அப்பாவிடம், உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள் என்று கேட்டார். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். என்னைப் பார்த்து, "பிள்ளை, எனக்குத் தெரியும்தானே" என்றார். மறைப்பதற்காக வீடு முழுவதும் செலவழிந்துகொண்டிருந்த சக்தி அதன்பின் வேறு காரியங்களுக்குக் கிடைத்தது.

காசு பற்றிய விடயங்களை யாரும் தாமாகத் தேடிவந்து சொல்லமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதிய வயதைக் கடந்தவருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற உதவித்தொகைக்கு வழக்கமாகப் பல மாதக் காத்திருப்பு உண்டு. ஆனால் பன்னிரண்டு மாதத்துக்குள் வாழ்க்கை முடியக்கூடும் என்று வைத்தியரோ சிறப்புத் தாதியோ எஸ்ஆர்1 என்ற படிவத்தை நிரப்பித்தந்தால் காத்திருப்பு இல்லாமல் உயர்ந்த வீதத்தில் அது கிடைக்கும். வருமானத்தையோ சேமிப்பையோ அதற்குப் பார்ப்பதில்லை. நிலைமை வேகமாக மோசமாகும் கட்டத்தில், வீட்டுப் பராமரிப்பாளரின் செலவைத் தேசிய சுகாதார சேவையே ஏற்கும் விரைவு வழி ஒன்றும் இருக்கிறது; அதற்கான விண்ணப்பத்தையும் வைத்தியரோ தாதியோதான் செய்ய வேண்டும். பெற்றோர் விசிட் விசாவில் வந்த இடத்தில் நோய் தெரியவந்தால் பல குடும்பங்கள் கட்டணத்துக்குப் பயந்து ஒளிந்துகொள்கின்றன. உதவித்தொகைகள் அவர்களுக்குக் கிடைக்காது என்பது உண்மை. எனினும் பதிவுபெற்ற ஹொஸ்பிஸ் அறநிறுவனங்கள் தரும் நோவாற்றும் பராமரிப்பு, இங்கிலாந்தில் வெளிநாட்டவருக்கான வைத்தியக் கட்டணத்திலிருந்து விலக்களிக்கப்பட்டது. கேட்டுப் பார்ப்பதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

வீட்டிலேயே இறக்க வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். 1969இலேயே சோண்டர்ஸின் குழு தாதியரை வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. எனினும் விருப்பம் மட்டும் போதாது. அது எழுத்தில் இருக்க வேண்டும். லண்டனில் யுனிவர்சல் கெயார் பிளான் என்ற மின்பதிவில், நோயாளி எங்கே இருக்க விரும்புகிறார், இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க முயல வேண்டுமா, யாரை அழைக்க வேண்டும் என்பவற்றைப் பதியலாம்; ஆம்புலன்ஸ் பணியாளர்களும் அதைப் பார்க்க முடியும். மீட்புமுயற்சி வேண்டாம் என்ற படிவத்தை நாங்கள் வீட்டிலும் எளிதில் எடுக்கக்கூடிய இடத்தில் வைத்திருந்தோம். அது சிகிச்சையை நிறுத்தும் படிவம் அல்ல. நோவுக்கான மருந்தும் கவனிப்பும் அதே அளவில் தொடரும். இது மறைமுகக் கருணைக்கொலையோ என்று கேட்ட உறவினருக்கு, சோண்டர்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் கருணைக்கொலையைச் சட்டமாக்குவதை எதிர்த்தவர் என்பதைச் சொல்ல நேர்ந்தது.

கடைசிக் கட்டத்துக்குச் சற்று முன்னரே, ஒரு பெட்டியில் ஊசி மருந்துகளை வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்கள்: நோவுக்கும், பதற்றத்துக்கும், குமட்டலுக்கும், தொண்டையில் சளி கரகரப்பதற்கும். விழுங்க முடியாத நிலை வந்ததும் மாவட்டத் தாதியர் ஒரு சிறிய மின்கலப் பம்பைப் பொருத்தினார்கள். அது இருபத்துநான்கு மணி நேரமும் மருந்தைத் தோலின் கீழ் மெதுவாகச் செலுத்தும். எல்லா மருந்துக் கடைகளிலும் இந்த மருந்துகள் இருப்பதில்லை. அருகில் எந்தக் கடை வைத்திருக்கிறது, அது வார இறுதியில் திறந்திருக்குமா என்பதைப் பெட்டி வருவதற்கு முன்பே விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஹொஸ்பிஸின் இரவு நேரத் தொலைபேசி எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தோம். கைபேசியில் மட்டும் இருந்தால், பயந்துபோயிருக்கும் ஒருவரால் அந்த நேரத்தில் அதைத் தேடி எடுக்க முடியாது.

சோண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர்; அவருடைய இல்லமும் அந்த நம்பிக்கையில்தான் நிறுவப்பட்டது. ஆனால் எந்தச் சமயத்தவருக்கும் சமயமில்லாதவருக்கும் உரிய இடம் என்பதில் தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருந்தார். அப்பா உள்நோயாளியாக இருந்தபோது நெற்றியில் விபூதி பூசுவதற்கும் படுக்கையருகே பதிகம் பாடுவதற்கும் எவரும் முகம் சுளிக்கவில்லை. நெருப்பு மட்டும் கூடாது; மின்கல விளக்கை வைத்தோம். வீட்டில் ஒட்சிசன் பயன்படுத்துகிறவர்களும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்: ஒட்சிசன் ஓடும் அறையில் கற்பூரமோ குத்துவிளக்கோ கொளுத்தவே கூடாது. சாப்பாட்டில்தான் கடும் இழுபறி. உணவு வேண்டாம் என்று உடலே ஒதுக்கும் காலத்தில் கஞ்சியைக் கரண்டியால் புகட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம் என்று தாதி அம்மாவுக்கு விளக்கினார். கடைசியில் வாயில் பால் விடுவது எங்கள் வழக்கம் என்று நாங்கள் சொன்னபோது தடுக்கவில்லை. வாய் துடைக்கும் பஞ்சுக்குச்சியைப் பாலில் தோய்த்து, உதட்டையும் நாக்கின் நுனியையும் நனைக்கக் காட்டித்தந்தார். அம்மாவும் தங்கைமாரும் பேரப்பிள்ளைகளும் வரிசையாக அதைச் செய்தார்கள்.

எதிர்பார்த்த இறப்பு வீட்டில் நிகழ்ந்தால் 999 என்ற அவசர எண்ணை அழைக்கத் தேவையில்லை. ஹொஸ்பிஸுக்கோ மாவட்டத் தாதியருக்கோ அறிவித்தால் ஒருவர் வந்து உறுதிப்படுத்துவார். 2024 செப்டெம்பரிலிருந்து, மரண விசாரணை அதிகாரியிடம் போகாத ஒவ்வொரு இறப்பையும் மெடிக்கல் எக்ஸாமினர் என்ற சுயாதீன வைத்தியர் ஆராய்ந்த பின்பே பதிவு செய்ய முடியும். இதற்குச் சில நாட்கள் செல்லலாம். ஈமக்கிரியைகளை விரைவில் முடிக்க விரும்புகிற நாங்கள் மண்டபத்தையும் ஐயரையும் ஒழுங்கு செய்து உறவுக்காரருக்கு நாள் குறிப்பதற்கு முன், ஜீபி நிலையத்தில் காலையிலேயே பேசி அவசரத்தைத் தெரிவிப்பது நல்லது. மிஞ்சிய மருந்துகளைக் கழிவுத்தொட்டியில் போடாமல் மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மோர்ஃபின் இருக்கும் வீட்டில் வருவோர் போவோர் அதிகம் என்பதால் அதை முதல் நாளே செய்தோம்.

சோண்டர்ஸ் 1985இல் மருத்துவ இயக்குநர் பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்படைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து பிரித்தானியாவில் நோவாற்றும் மருத்துவம் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. தாம் இல்லாமலும் நடக்கும்படி ஒன்றைக் கட்டியெழுப்புவது நிறுவனர் பலருக்கும் கைவராத வேலை. 2005 ஜூலையில் மார்பகப் புற்றுநோயால் அவர் இறந்ததும் தாம் நிறுவிய அதே இல்லத்தில்தான். அந்தக் கட்டடம் அளவுக்கு, அங்கே பயின்று வேறு நாடுகளுக்குத் திரும்பிய வைத்தியர்களும் தாதியரும் அவருடைய உடைமை என்றே சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஹொஸ்பிஸ்களின் செலவில் அரசு தருவது சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மிகுதி, நன்கொடையாக வந்த பொருட்களை விற்கும் அறக்கடைகளிலிருந்தும் நன்கொடைகளிலிருந்தும், டாஸ்மா செய்ததுபோல உயிலில் எழுதிவைக்கப்படும் தொகைகளிலிருந்தும் வருகிறது. அப்பாவின் இறுதிக்கிரியை அறிவித்தலில், மலர்வளையங்களுக்குப் பதிலாக ஹொஸ்பிஸுக்கு நன்கொடை வழங்குமாறு கேட்டிருந்தோம். சித்தப்பா மலர்வளையமும் கொண்டுவந்தார், நன்கொடையும் கொடுத்தார். பிரிவுத்துயருக்கான ஆலோசனைக்கு அம்மாவை ஹொஸ்பிஸ் அழைத்தபோது முதலில் மறுத்தவர், சில மாதங்கள் கழித்துத் தாமாகவே அந்த எண்ணைக் கேட்டு வாங்கினார். இறப்புக்குப் பிறகு எவ்வளவு காலம் சென்றாலும் அந்தச் சேவையைக் கேட்கலாம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். தமிழில் பேச வேண்டுமானால் அதற்கும் முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.